தெரியாத ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளூர்க்காரர்கள் முதலில் பார்ப்பது 'நல்லா ஓடுற கடையா' என்பதைத்தான். சமைத்தது சமைத்த வேகத்தில் விற்றுத் தீர்ந்து, அடுத்த சட்டி அடுப்பில் ஏறுகிற கடை அது. பெயர்ப்பலகையும் அலங்காரமும் அதற்கு அப்புறம்தான்.

இதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால்தான் சமைத்த உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறார்கள். விற்பனை மந்தமான கடையில் உணவு காத்துக் கிடக்கும், திரும்பத் திரும்பச் சூடாகும், ருசியும் போகும். தினமும் இறைக்கும் கிணற்றில் தண்ணீர் தெளிவாக இருக்குமே, அது மாதிரிதான் ஓடுகிற கடையும்.

ஆகவே அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் நேரத்துக்கே போங்கள். நெரிசல் தொடங்கும் சமயம்தான் என் கணக்கில் மிகச் சிறந்தது: எல்லாம் புதிதாக இருக்கும், இடமும் கிடைக்கும். நீண்ட பட்டியலைவிட நாலைந்து பதார்த்தம் மட்டும் செய்யும் கடையை நம்பலாம். யாரிடமாவது விசாரித்தால், "எந்தக் கடை ஃபேமஸ்?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் வீட்டாரோடு எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள், பதிலே வேறாக வரும்.

சரி, வரிசை நீளமாக இருந்தாலே நல்ல கடை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பரிமாறுவது மெதுவாக இருந்தாலும், ஏதோ ஒரு வீடியோ பரவியிருந்தாலும்கூட வரிசை நீளும்.