காட்டுப் பாண்டா தனியாகத்தான் வாழுமா? – கேள்வி பதில்

அருண்: பாண்டாக்கள் கூட்டமாக வாழுமா?

வாழாது. ஒவ்வொன்றும் சில சதுர கிலோமீட்டர் மலைக்காட்டில் தனியாகத் திரியும். நாளின் பாதிக்கு மேல் மூங்கில் தின்பதிலேயே போய்விடும். ஆனால் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். வாலடிச் சுரப்பியை மரத்தில் தேய்த்து வாடை வைத்துவிட்டுப் போகும். ஆண் சில சமயம் முன்னங்கால்களில் தலைகீழாக நின்று, உயரத்தில் சிறுநீர் பீய்ச்சும். பின்னால் வருவது மோந்து பார்த்தே ஆணா, பெண்ணா, பருவத்தில் இருக்கிறதா என்று அறிந்துகொள்ளும். அவற்றுக்குள் உறவு இந்த வாடை வழியாகத்தான். பெண் சினைப்படக்கூடிய காலம் ஆண்டுக்கு ஒரே முறை, வசந்தத்தில், இரண்டு மூன்று நாள்தான். அந்த வாடை இல்லாவிட்டால் ஆண் எப்படித் தேடி வரும்?

மீனா: வீடியோவில் பத்துக் குட்டிகள் ஒன்றாக உருள்கின்றனவே?

அது காப்பகம். காட்டில் இரட்டைக் குட்டி பிறந்தாலும் தாய் பெரும்பாலும் ஒன்றைத்தான் வளர்க்கும். அது ஒன்றரை, இரண்டு வயதுவரை தாயோடு இருக்கும். வீடியோவை வைத்துக் காட்டு வாழ்க்கையைக் கணிக்காதீர்கள்.

குமார்: குளிர்காலம் முழுக்கத் தூங்குமா?

தூங்காது. மூங்கிலில் அவ்வளவு கொழுப்புச் சேராது. பனியிலும் தின்றுகொண்டே இருக்கும்.

ராஜன்: தனிமை விலங்கு என்றுதானே படித்தோம்? வாடை வைப்பதை உறவு என்பது மிகை.

மிகையில்லை. சீனாவின் வோலோங் காட்டில் 5 பாண்டாக்களுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. ஓர் ஆணும் இரண்டு பெண்களும் இலையுதிர் காலத்தில், இனப்பெருக்கப் பருவமே இல்லாதபோது, பல வாரங்கள் ஒரே பகுதியில் இருந்தன. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சுமதி: பாண்டா குடும்பமாக வாழுமா?

அருணுக்கும் மீனாவுக்கும் சொன்னதைப் படியுங்கள்.

ராஜன்: ஐந்தை வைத்து எல்லாவற்றுக்கும் சொல்லலாமா?

எல்லாப் பாண்டாவும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ‘தனிமை விலங்குதானே, துண்டுக் காட்டில் விட்டாலும் பிழைத்துக்கொள்ளும்’ என்று நினைப்பதைத்தான் எதிர்க்கிறேன். 2015இல் வெளியான கணக்கெடுப்பில் காட்டில் இருந்தவை 1,864. அவையும் 33 துண்டுப் பகுதிகளில் பிரிந்து கிடந்தன. சிலவற்றில் பத்துகூட இல்லை. நடுவே சாலை வந்தால் வாடை எட்டாது, துணையும் கிடைக்காது.

பாலா: வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது. அது கரடி. காப்பக வீடியோக்களைப் பார்த்து எழும் ஆசை இது.

தேவி: சிவப்புப் பாண்டாவும் இப்படித்தானா?

அது வேறு குடும்பம், கரடியே அல்ல. சிக்கிம், டார்ஜிலிங் மலைகளில் உண்டு. அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள்.