எம்.பி.ஏ. கடனை மாமாவா கட்டப்போகிறார்?

திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. பி.எட்.டுக்கு மேலான கல்வியியல் முதுகலைப் படிப்பான எம்.எட். படிக்க ஆசைப்படுகிறாள். "டீச்சர் மறுபடியும் டீச்சருக்கே படிப்பதா?" என்று தாய்மாமா கிண்டல் செய்கிறாராம். தந்தையோ, கடன் வாங்கி எம்.பி.ஏ.வில் சேர்த்துவிடலாமா என்று தவிக்கிறார்.

கவலை நியாயமானதுதான், சார். ஆனால் மாதத் தவணை வரும்போது மாமா வரமாட்டார். வகுப்பறையை விட்டு நகர மனமில்லாத பெண்ணைக் கடனோடு வேறு துறைக்குத் தள்ளாதீர்கள்.

பக்கத்து ஊர்க் கல்லூரிகள் உங்களுக்கே தெரியும். நம்மவர்கள் அதிகம் விசாரிக்காத ஓர் இடத்தைச் சொல்கிறேன்: மத்திய அரசின் பள்ளிக் கல்வி, பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம். 1963-இல் தொடங்கியது. மைசூரின் மானசகங்கோத்ரி பகுதியில் இருக்கிறது, வளாகத்துக்குள்ளேயே ஒரு மாதிரிப் பள்ளியும் உண்டு. தென் மாநிலங்கள் எல்லாவற்றிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். பின்னக் கணக்கை மலப்புரத்தில் எப்படித் தொடங்குவார்கள், வாரங்கல்லில் எங்கே பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்பதெல்லாம் மெஸ்ஸில் சாப்பிடும்போதே பேச்சில் வந்துவிடும். படிப்பு முடிந்ததும் ஒருவர் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்குப் போவார், இன்னொருவர் பி.எட். கல்லூரிக்கு, வேறொருவர் பாடநூல் வேலைக்கு. இன்று பள்ளியில் ஒரு சிக்கல் வந்தால் உங்கள் மகளுக்குக் கேட்க ஆள் யார்? தலைமையாசிரியர் ஒருவர்தான்.

எம்.எட்.டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் களப்பயிற்சியும் உண்டு. பி.எட். மாணவி பாடம் நடத்த, இவள் கடைசி பெஞ்சில் குறிப்பேட்டோடு உட்கார வேண்டும். முதலில் "குரல் போதவில்லை, கரும்பலகைக் கையெழுத்து நன்று" என்றுதான் எழுதுவாள். போகப் போக, "ஜன்னலோரம் இருந்த மூன்று பேரை நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே, ஏன்?" என்று, எதிரே இருப்பவள் முகம் வாடாமல் கேட்கப் பழகுவாள். சக ஆசிரியரை வளர்க்கத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிடிபடும். அதற்குத் தலைமையாசிரியர் நாற்காலி தேவையில்லை.

செலவில் மட்டும் கறாராக இருங்கள். படிப்பு 2 ஆண்டு. அத்தனை மாதச் சம்பளமும் போகும், அதையும் கணக்கில் சேருங்கள். "வராமலே டிகிரி" என்று புரோக்கர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், ஆசிரியர் கல்விக்கு விதி வகுக்கும் மத்திய அமைப்பான என்.சி.டி.இ.யின் 2014 விதிப்படி வகுப்புக்கு 80, களப்பயிற்சிக்கு 90 சதவீத வருகை கட்டாயம். மைசூருக்கு என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இடம் கையில் வந்த பிறகு அவள் ராஜினாமா கொடுத்தால் போதும்.