ஏ13: குண்டு துளைக்கிறது, எதிரி சாகவில்லையே?

கேள்வி: வார் தண்டர் என்ற போர் வீடியோ கேமில் பிரிட்டிஷ் டாங்கி வரிசையை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். ஏ13 மார்க் 1 டாங்கியில் நான் சுடும் குண்டு எதிரியைத் துளைத்தும் அவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். அவன் ஒன்று போட்டால் நான் காலி. எங்கே தப்பு?

பதில்: தப்பு பெரும்பாலும் குண்டில்தான். ஏ13-இல் இருப்பது 40 மி.மீ. விட்டமுள்ள 2 பவுண்டர் பீரங்கி. துளைக்கும் திறனில் குறையே இல்லை. ஆனால் அதன் குண்டு வெறும் எஃகுக் கட்டி. உள்ளே வெடிமருந்து கிடையாது. சோவியத் 45 மி.மீ. குண்டு உள்ளே போய் வெடித்து எல்லாரையும் ஒன்றாகச் சாய்க்கும். உங்களுடையது போகும் நேர்கோட்டில் இருப்பவரையும், சிதறும் கவசத்துண்டு பட்டவரையும் மட்டுமே தாக்கும்.

அதனால் டாங்கியைக் குறி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஆளைக் குறி வையுங்கள். முதல் குண்டு கன்னருக்கு, அதாவது பீரங்கியைச் சுடுபவருக்கு. ஜெர்மன் பான்சர் 3 உங்களை நேராகப் பார்த்து நின்றால், அதன் பீரங்கிக்கு உங்கள் வலப்பக்கத்தில் கன்னர் இருப்பார். அவர் விழுந்தால் அந்த இடத்துக்கு வேறொருவர் வரும்வரை எதிரியால் சுட முடியாது. அந்த இடைவெளியில் மற்றவர்களைப் பாருங்கள். 2 பவுண்டர் சீக்கிரம் லோடாகும், நேரம் போதும். பக்கவாட்டில் அடித்தால் ஒரே குண்டு இரண்டு மூன்று பேரைக் கடக்க வாய்ப்புண்டு.

சரி, நீங்கள் ஏன் சட்டென்று சாகிறீர்கள்? ஏ13-இன் கவசம் அதிகபட்சமே 14 மி.மீ.தான். மொத்தம் நாலு பேர், அதில் மூவர் பீரங்கி இருக்கும் சுழல் கோபுரத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெடிக்கும் குண்டு ஒன்று போதும். டாங்கியைக் கோணலாகத் திருப்பி நிறுத்துவதெல்லாம் இந்தத் தகரத்துக்கு அவ்வளவாக உதவாது.

ஏ13 ஒரு குரூசர், அதாவது வேக டாங்கி. குரூசர் டாங்கிகளை பிரிட்டிஷார் குதிரைப்படை வேலைக்காகவே செய்தார்கள். அடி வாங்கி முன்னேறும் வேலைக்கு மெட்டில்டா போன்ற கனத்த கவச டாங்கிகள் தனியாக இருந்தன. ஏ13-க்குக் கிடைத்தது அமெரிக்கரான கிறிஸ்டியின் சஸ்பென்ஷனும், முதல் உலகப்போர் காலத்து லிபர்ட்டி விமான எஞ்சினும். சாலையில் மணிக்குச் சுமார் 48 கி.மீ. ஓடும். அந்த வேகத்தை ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே செலவழியுங்கள்: ஓரமாகச் சுற்றிப்போய், எதிரி கடக்கும் வழிக்குப் பக்கவாட்டில் மறைவாக நில்லுங்கள். நேருக்கு நேர் மோதல் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், நிஜ ஏ13-இல் கன்னர் பீரங்கியைத் தோளால் ஏற்றி இறக்கிச் சுடுவார். ஓடிக்கொண்டே சுடுவதுதான் அன்றைய பிரிட்டிஷ் பயிற்சி. விளையாட்டிலும் மெதுவாக உருளும்போது பீரங்கி அதிகம் ஆடாது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து வரும் ஏ13 மார்க் 2-இல் கவசம் 30 மி.மீ. வரை கூடுகிறது. பீரங்கி அதே 2 பவுண்டர்தான், எனவே கன்னரைத் தேடும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.