யார் சொன்னது, எந்தப் பக்கம்? ஆய்வேடு எழுதுவோருக்கான கேள்வி பதில்

கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலும் பக்கத்து ஊர்களிலும் இருந்து புராஜெக்ட்டும் ஆய்வேடும் எழுதும் பிள்ளைகள், மேற்கோள் காட்டுவது பற்றிக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

மண்டபம், முதுகலை விலங்கியல் மாணவர்: மன்னார் வளைகுடாவின் பரப்பளவு எல்லோருக்கும் தெரிந்ததுதானே மேடம்? அதற்கும் சான்று காட்டணுமா?

காட்டணும் தம்பி. போன வருடம் இரண்டு பிள்ளைகள் ஒரே நாளில் கட்டுரை கொண்டு வந்தார்கள். ஒன்றில் 560 சதுர கிலோமீட்டர், இன்னொன்றில் 10,500. இரண்டிலும் சான்று இல்லை. உண்மையில் இரண்டு எண்ணும் சரிதான். 560 என்பது 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. 10,500 என்பது 1989-ல் வந்த உயிர்க்கோளக் காப்பகம். எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி போட்டிருந்தால், தாங்கள் வேறு வேறு எல்லையைப் பற்றி எழுதுகிறோம் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆண்டும் அதே அளவு முக்கியம். பழைய நூல்களில் 21 தீவுகள் என்று இருக்கும். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. எந்த ஆண்டு நூல் என்று சொல்லாமல் ‘21 தீவுகள் உள்ளன’ என்று எழுதினால் படிப்பவர் எதை நம்புவார்? ராமேஸ்வரம் ஒரு தீவு என்பதற்குச் சான்று வேண்டாம். எண், ஆண்டு, ஒருவருடைய கருத்து, இந்த மூன்றில் எது வந்தாலும் சான்று வேண்டும்.

கீழக்கரை, இளங்கலை மாணவி: விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா?

படியுங்கள். அந்த வரிக்குக் கீழே என்ன சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதைத் திறந்து படித்து, அதையே காட்டுங்கள்.

ராமநாதபுரம், வரலாற்றுத் துறை மாணவர்: முத்துக்குளிப்பு பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1922-ல் எழுதியது எனக்குக் கிடைக்கவில்லை. பிற்கால ஆய்வுக் கட்டுரை ஒன்றில் அவருடைய வரிகள் இருக்கின்றன. நேராக ஹார்னெல் என்றே போட்டுவிடலாமா?

கூடாது. கண்ணால் பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. வாக்கியத்துக்குள் ஹார்னெல் பெயரைச் சொல்லி, ‘இன்னார் கட்டுரையில் காட்டியபடி’ என்று அந்தப் பிற்காலக் கட்டுரையின் ஆண்டும் பக்கமும் கொடுங்கள். துணைநூற்பட்டியலில் அந்தக் கட்டுரை மட்டும்தான் வரும்.

நான் படிக்கும் காலத்தில் இந்தத் தப்பைச் செய்தேன். வேறொருவர் பட்டியலில் இருந்த நூலையும் பக்க எண்ணையும் அப்படியே எழுதிக்கொண்டேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்த நூலையே மேசைமேல் வைத்து, ‘இந்தப் பக்கத்தை எடும்மா’ என்றார். அந்தப் பக்கத்தில் ஒரு வரைபடம் மட்டும் இருந்தது. எனக்கு முன்னால் எழுதியவர் தப்பாகக் குறித்திருக்கிறார், நான் அந்தத் தப்பை என்னுடையதாக ஆக்கிக்கொண்டேன்.

மூலத்தைத் தேடாமல் விடாதீர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் கொச்சிக்குப் போவதற்கு முன் மண்டபத்தில்தான் இருந்தது. அவர்களுடைய கட்டுரைகள் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.

பாம்பன், இதழியல் மாணவி: இணையச் செய்திக்குத் தேதி போடணுமா?

கட்டாயம். பாம்பன் பாலம் என்றால் எது? 1914-ன் ரயில் பாலமா, 1988-ன் சாலைப் பாலமா, 2025-ல் திறந்த புதிய ரயில் பாலமா? செய்தியின் தேதிதான் அதைச் சொல்லும்.

தொண்டி, முதுகலைத் தமிழ் மாணவி: தமிழ்ப் பெயரை ஏபிஏ முறையில், அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையில், எப்படி எழுதுவது? குடும்பப் பெயரை முதலில் போடச் சொல்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயரே இல்லையே?

நல்ல கேள்விம்மா. க. செல்வி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். க என்பது அப்பா கருப்பையா. ஆகவே ‘செல்வி, க.’ என்று எழுதணும். அவரே பாஸ்போர்ட்டில் உள்ளபடி ‘செல்வி கருப்பையா’ என்று கட்டுரை வெளியிட்டால், தரவுத்தளம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ‘கருப்பையா, செ.’ என்று பதிந்துவிடும். கட்டுரை எழுதியது மகள், பெயர் வாங்குவது அப்பா.

தலைப்பெழுத்து எல்லாமே அப்பா பெயரும் இல்லை. உ.வே. சாமிநாதையரில் உ என்பது உத்தமதானபுரம், ஊர்ப்பெயர். வே என்பது தந்தை வேங்கடசுப்பையர். பட்டியலில் ‘சாமிநாதையர், உ. வே.’ என்று வரும். நம் நூலகப் பட்டியல்களிலும் தமிழ்ப் பெயருக்கு இயற்பெயர்தான் முதலில் வரும்.

தேவிபட்டினம், முனைவர் பட்ட ஆய்வாளர்: இதை ஏற்க முடியாது மேடம். ஆய்விதழின் மென்பொருள் கடைசிப் பெயரைத்தான் எடுக்கிறது. நீங்கள் சொல்கிறபடி மாற்றினால் தேடுகிறவருக்குக் கட்டுரையே கிடைக்காது.

நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். ஆங்கில ஆய்விதழில் ‘கருப்பையா, செ.’ என்றே அச்சாகிவிட்டால், மேற்கோளில் அப்படியேதான் காட்டணும். அதை நாம் திருத்தினால் தேடல் அறுந்துபோகும். ஆனால் முகப்புப் பக்கத்தில் ‘க. செல்வி’ என்று தெளிவாக இருக்கும் தமிழ் நூலையும் அந்த மென்பொருளுக்காக உடைக்கச் சொல்வது சரியில்லை.

கீழக்கரை, அதே மாணவி: எங்கள் பக்கத்துப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘மு. செய்யது இப்ராகிம்’ என்பதை ‘இப்ராகிம், மு. செ.’ என்று பிரித்துவிட்டேன். அவரைத் தெரிந்த என் மாமா, அது ஒரே பெயர் என்று சத்தம் போட்டார்.

மாமா சொன்னதுதான் சரி. ‘செய்யது இப்ராகிம், மு.’ என்று முழுசாக எழுதுங்கள். இதே கடற்கரையில் பர்னாந்து என்று முடியும் பெயர்கள் இருக்கின்றன. அது தலைமுறை தலைமுறையாக வரும் உண்மையான குடும்பப் பெயர். அங்கே ‘பர்னாந்து’ முதலில் வருவதுதான் முறை. ஒரே கடற்கரையில் மூன்று வழக்கம். அதனால்தான் முகப்புப் பக்கத்தைப் பார், தெரிந்தவரிடம் கேள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

தேவிபட்டினம், ஆய்வாளர் மறுபடியும்: அப்படியானால் ஒரே பட்டியலில் மூன்று விதமாக வருமே. சீர்மை என்னாவது?

சீர்மை நிறுத்தற்குறியில் இருக்கட்டும். ஆள் பெயரைச் சீர்மைக்காக மாற்ற நமக்கு உரிமை இல்லை.

சின்னப்பாலம், சமூகப்பணித் துறை மாணவி: கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் பேசி எழுதுகிறேன். அவர்கள் சொன்னதைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

அவர்கள் உங்கள் ஆய்வில் பங்கேற்றவர்கள். ஏபிஏ முறையில் அவர்கள் பேச்சு துணைநூற்பட்டியலுக்குப் போகாது. எத்தனை பேரிடம், எந்த மாதம், எந்த ஊரில் பேசினீர்கள் என்பதை ஆய்வு முறை இயலில் சொல்லிவிட்டு, கட்டுரைக்குள் ‘பங்கேற்பாளர் 4’ என்பதுபோல் காட்டுங்கள். சம்மதம் கேட்காமல் பெயர் போடாதீர்கள். தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவதில் வனத்துறைக் கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் மேற்கோளால் ஒரு பெண்ணுக்குத் தொல்லை வரக் கூடாது. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கிறவரின் சொல்லை, அவர் சொன்ன பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். அதைத் திருத்துவதும் தவறான மேற்கோள்தான்.

பரமக்குடி மாணவர்: அடுத்தவர் எழுத்தோடு ஒப்புமை எத்தனை சதவீதம் வரலாம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்கணும்.

திருப்புல்லாணி மாணவி: 9 சதவீதம் வந்தால் மேற்கோள் காட்டாமல் விடலாமா?

விடக் கூடாது. அடுத்தவர் வரி ஒன்று இருந்தாலும் அவர் பெயர் வேண்டும்.

ஏர்வாடி மாணவர்: சொற்களை மாற்றிப் போட்டால் சதவீதம் குறையுமா?

சதவீதம் பற்றி இனி பதில் சொல்ல மாட்டேன் தம்பி. கருத்து யாருடையதோ அவர் பெயரைப் போடுங்கள்.

உச்சிப்புளி மாணவர்: சாட்ஜிபிடி 12 நூல்களின் பட்டியல் கொடுத்தது. சேர்த்துக்கொள்ளலாமா?

ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். இல்லாத நூலுக்கும் அது ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் கொடுக்கும். டிஓஐ எண் (இணையத்தில் ஒரு கட்டுரைக்கு உரிய நிரந்தர அடையாள எண்) இருந்தால் அதைத் திறந்து பாருங்கள், பல சமயம் வேறு கட்டுரைக்குப் போகும். கையில் கிடைத்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் மாணவி: ஏஐ கொடுத்த மேற்கோள்…

மேலே உச்சிப்புளித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். கண்ணால் பார்க்காதது பட்டியலில் வேண்டாம்.

தங்கச்சிமடம் மாணவர்: தனுஷ்கோடிப் புயலில் இறந்தவர் எண்ணிக்கை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக இருக்கிறது. எதைப் போடுவது?

ஒன்றை மட்டும் பொறுக்காதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவில் நடந்தது அது. மறுநாள் செய்தித்தாள் ஒன்று சொல்லும், பிற்கால அறிக்கை வேறு சொல்லும். புயலில் சிக்கிய ரயிலில் போனவர்களை மட்டும் சொல்கிறார்களா, ஊர் முழுவதையுமா என்று பாருங்கள். இரண்டு மூன்று எண்களையும் சொன்னவர் பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

தொண்டி, தமிழ் மாணவி: ‘தொன்முது கோடி’ என்ற கடற்கரையில் இராமன் பற்றி வரும் சங்கப் பாடலுக்குப் பக்க எண் போதுமா?

போதாது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். ‘அகநானூறு 70: 13-17’ என்று பாட்டு எண்ணும் அடி எண்ணும் கொடுங்கள். உரையில் இருந்து ஒரு சொல் எடுத்தாலும் உரையாசிரியர், பதிப்பாண்டு, பக்கம் மூன்றும் வேண்டும்.

தேவிபட்டினம், ஆய்வாளர்: கடைசியாக ஒன்று மேடம். என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறித்தான் இரண்டு கட்டுரையில் வந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

ஆய்வாளர்களுக்குத் தனி அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தில் இலவசமாகப் பதிந்து 16 இலக்க எண் வாங்குங்கள். அச்சான இரண்டு வடிவத்தையும் வேறு பெயர்கள் என்ற இடத்தில் சேருங்கள். இரண்டு கட்டுரையையும் அந்த எண்ணின் கீழ் இணையுங்கள். மூன்றாவது கட்டுரை அனுப்பும்போது, குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள், அப்பாவின் முதலெழுத்தை மற்றக் கட்டத்தில் போடுங்கள். அச்சுக்கு முன் சரிபார்க்க மெய்ப்புப் படி வரும்போது முதலில் அந்த வரியைப் பாருங்கள்.