ஆலோசகர் தன் கவலைகளை உங்களிடம் சொல்ல ஆரம்பித்தால்

உங்கள் உளவியல் ஆலோசகர் தன் மணமுறிவைப் பற்றி இரவில் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார், வெளியே சந்திக்கவும் கூப்பிடுகிறார், மறுத்தால் அவர் மனம் புண்படுமோ என்று தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்று: இது உங்கள் தவறே இல்லை. அவர் மனதைத் தேற்றுவது உங்கள் பொறுப்பும் இல்லை.

உங்களுக்கு உதவும் என்றால் ஆலோசகர் தன் அனுபவத்தை எப்போதாவது சொல்லலாம். இங்கே நடப்பது தலைகீழ். சிகிச்சைக்கு வருபவருக்கு ஆலோசகர் மேல் பாசமோ ஈர்ப்போ வருவது சகஜம். அதை மருத்துவர் தனக்குச் சாதகமாக்கக் கூடாது என்று உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1915-லேயே எழுதினார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை இன்னும் கறார்: சிகிச்சைக் காலத்தில் பாலுறவு அறவே கூடாது, முடிந்த பிறகும் குறைந்தது 2 ஆண்டுகளுக்குக் கூடாது. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகவில்லைதான். ஆனால் எல்லை மீறல் பல நேரம் இப்படிச் சின்னதாகத்தான் தொடங்கும்.

அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். "அமர்வுக்கு வெளியே பேச விருப்பமில்லை" என்று ஒரு வரி போதும், காரணம் சொல்ல வேண்டாம். அதை அவர் மதிக்காவிட்டாலோ, திரும்பப் போகவே பயமாக இருந்தாலோ, விலகிவிடுங்கள். புதிய ஆலோசகரிடம் நடந்ததை முதல் அமர்விலேயே சொல்லுங்கள். பழையவருக்கு உரிமம் தந்த அமைப்பிடம் புகார் தருவதா என்பதை அப்புறம் நிதானமாக முடிவு செய்யலாம்.