பிகோ ஆம்பியரும் கடல் காற்றும்: கேள்வி பதில்

நானோ, பிகோ ஆம்பியர் அளவுக்குச் சின்ன மின்னோட்டத்தை அளக்க நான் வீட்டில் செய்த மீட்டரைப் பற்றிச் சென்னையின் பல பகுதிகளிலிருந்து கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. சர்க்யூட் ரொம்பச் சின்னது. எல்எம்சி 662 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கி) ஐசி ஒன்று. அளக்க வேண்டிய மின்னோட்டம் அதன் 2ஆம் காலுக்குப் போகிறது. அந்தக் காலுக்கும் 1ஆம் காலுக்கும் நடுவே 1 கிகா ஓம் (ஆயிரம் மெகா ஓம்) ரெசிஸ்டர், 3ஆம் கால் கிரவுண்டில். 1 பிகோ ஆம்பியர் உள்ளே போனால் வெளியே 1 மில்லி வோல்ட், குறி மட்டும் தலைகீழ். அதைச் சாதாரண மல்டிமீட்டரில் படித்துக்கொள்ளலாம்.

வில்லிவாக்கம்: மல்டிமீட்டரிலேயே மைக்ரோ ஆம்பியர் ரேஞ்ச் இருக்கே சார், தனியா எதுக்கு இது?

மைக்ரோ ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோ ஆம்பியர், பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் பிகோ ஆம்பியர். உங்கள் மீட்டரில் அது கடைசி இலக்கத்தைக்கூட அசைக்காது. ஆனால் உங்களுக்குத் தேவை நானோ ஆம்பியர் மட்டும்தான் என்றால் எதையும் கட்ட வேண்டாம். 10 மெகா ஓம் உள்தடை உள்ள மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட் ரேஞ்சில் வைத்து மின்னோட்டத்தை அதன் வழியே விடுங்கள். 1 மில்லி வோல்ட் காட்டினால் 100 பிகோ ஆம்பியர். உள்தடை எவ்வளவு என்று தெரியாவிட்டால், அதே ரேஞ்சில் ஒரு பேட்டரி செல்லை 100 மெகா ஓம் வழியாக அளந்து பாருங்கள். செல் வோல்டேஜில் பதினொன்றில் ஒரு பங்கு காட்டினால் உள்தடை 10 மெகா. மலிவான மஞ்சள் மீட்டர்கள் பல 1 மெகாதான். அதில் நூற்றி ஒன்றில் ஒரு பங்குதான் வரும்.

பல்லாவரம், டிப்ளமா மாணவர்: கையில் 741, டிஎல் 072 ஆப்-ஆம்ப் ஐசி ரெண்டும் இருக்கு அண்ணா. போதுமா?

741 வேண்டாம் தம்பி. அதன் உள்ளீட்டுக் காலே 80 நானோ ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். தராசுத் தட்டில் யானையை உட்கார வைத்துவிட்டுக் கடுகை நிறுத்துப் பார்ப்பது போல ஆகிவிடும். டிஎல் 072 பத்துக் கணக்கில் பிகோ ஆம்பியர்தான், பழகுவதற்குப் போதும். எல்எம்சி 662 பொதுவாக 2 ஃபெம்டோ ஆம்பியர், அதாவது பிகோவில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. இந்த மூன்றில் ஃபெட் உள்ளீடு கொண்ட பின்னிரண்டிலும் 10 டிகிரி சூடு ஏறினால் இந்த அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில் மாடி ரூமில் உட்கார்ந்து அளக்காதே.

கொளத்தூர்: ரெண்டு 9 வோல்ட் பேட்டரி கொடுத்தேன், ஐசி போயிடுச்சு.

போகத்தான் செய்யும். 662 மொத்தமாக 16 வோல்ட்தான் தாங்கும், நீங்கள் கொடுத்தது 18. நாலு நாலாக எட்டு பென்சில் செல் போட்டு, நடுவிலிருந்து கிரவுண்ட் எடுங்கள்.

ராயபுரம்: ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். 1 கிகா ஓம் கேட்டால் 1 மெகாவை எடுத்து நீட்டுறாங்க.

எனக்கும் அதே கதைதான். 10 மெகா ஓம் கேட்டால் கிடைக்கும். பத்தை வரிசையாகச் சேர்த்தால் 100 மெகா, 1 பிகோவுக்கு 0.1 மில்லி வோல்ட். தொடங்க அது போதும். இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைச் சேர்த்து 100 மெகாவை 1 கிகா போல நடக்கவைக்கும் 'டி' அமைப்பைச் சிலர் சொல்வார்கள். ஐசியின் ஆஃப்செட்டையும் (உள்ளீட்டில் தானாகவே இருக்கும் சின்ன வோல்டேஜ் பிழை) அது பத்து மடங்காக்கிவிடும், இரைச்சலும் கூடும். எனக்கு அது பிடிக்காது. பணம் சேர்த்து நிஜமான 1 கிகாவை ஆன்லைனில் வரவழையுங்கள். வந்ததும் ரெசிஸ்டரின் உடம்பை விரலால் தொடாதீர்கள், கம்பியைப் பிடித்துத் தூக்குங்கள்.

திருவான்மியூர்: எல்லாம் சரியாகக் கட்டினேன். உள்ளே எதுவும் இணைக்காமலே 400 மில்லி வோல்ட் காட்டுது. ராத்திரி 600. ஐசி கெட்டுப்போச்சா?

ஐசி நன்றாகவே இருக்கிறது, உங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இருக்கிறது. நானும் முதல் மீட்டரில் இரண்டு ஐசியை மாற்றிய பிறகுதான் இதைப் புரிந்துகொண்டேன்.

கணக்குப் பாருங்கள். டாட் போர்டில் (துளை போட்ட சர்க்யூட் பலகை) 6 வோல்ட் கம்பிக்கும் 2ஆம் காலுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம். அதன் தடை 10 கிகா ஓம் என்றாலும் 600 பிகோ ஆம்பியர் கசியும். நாம் அளக்க வந்ததோ 1 பிகோ. உப்புக் காற்று, சால்டரிங் ஃப்ளக்ஸ், விரல் வியர்வை மூன்றும் சேர்ந்தால் 10 கிகா எல்லாம் சர்வ சாதாரணம். ஈரம் ராத்திரியில் ஏறும், அதோடு ரீடிங்கும் ஏறும்.

செய்ய வேண்டியது: 2ஆம் காலைப் போர்டில் செருகவே செருகாதீர்கள். மெல்ல மேலே வளைத்து, ரெசிஸ்டரின் முனையையும் உள்ளீட்டுக் கம்பியையும் அந்தரத்திலேயே சேர்த்து சால்டர் வையுங்கள். காற்றை விட நல்ல இன்சுலேட்டர் நம் கையில் இல்லை. தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டுமென்றால் டெஃப்லான் துண்டு. வேறு வழியில்லாமல் போர்டில் வைத்தே ஆக வேண்டுமென்றால், அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு செம்பு வளையம் ஓட்டி கிரவுண்டில் சேருங்கள். அப்போது கசிவுக்குக் கிடைப்பது 6 வோல்ட் இல்லை, ஐசியின் 3 மில்லி வோல்ட் ஆஃப்செட் மட்டும். அதே 10 கிகாவில் 0.3 பிகோதான் போகும்.

கடைசியில் குளியல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, போர்டின் இரண்டு பக்கமும் தேய்த்து, புது ஆல்கஹால் ஊற்றி அலசுங்கள். பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அலசாமல் விட்டால் ஃப்ளக்ஸைப் போர்டு முழுக்கப் பூசியதாகத்தான் அர்த்தம். ஹேர் டிரையரில் உலர்த்தி, ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டை உள்ளே போட்டு மூடிவிடுங்கள். ஐப்பசி மழையில் என்னுடையது சும்மா இருக்கும்போது 4 மில்லி வோல்ட்டுக்குள் நிற்கிறது, அதில் பெரும்பங்கு ஆஃப்செட்.

அம்பத்தூர்: நான் எழுந்து நடந்தாலே ரீடிங் துள்ளுது. கேபிளை அசைத்தால் இன்னும் மோசம்.

பாலியெஸ்டர் சட்டையா? உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் திறந்து கிடக்கும் உள்ளீட்டை ஆட்டிவைக்கும். பலகாரம் வரும் தகர டப்பாவில் மொத்தத்தையும் அடைத்து, டப்பாவைக் கிரவுண்டில் சேருங்கள். வீட்டு லைனின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதோடு அடங்கும். ரெசிஸ்டருக்குக் குறுக்கே 100 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் இன்னும் அமைதி. ரீடிங் நிலைக்க அரை வினாடி ஆகும், அவ்வளவுதான். கேபிளை வளைக்கும்போது உள்ளே இன்சுலேஷன் உரசி மின்னூட்டம் பிறக்கிறது. குட்டையான கேபிள் போட்டு மேஜையோடு டேப் ஒட்டிவிடுங்கள்.

மந்தைவெளி: சரியாகக் காட்டுகிறதா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது?

முதலில் கிகா ஓமை அளந்துகொள்ளுங்கள். 9 வோல்ட் பேட்டரி, அதோடு வரிசையில் கிகா ஓம், பிறகு 10 மெகா உள்தடை மல்டிமீட்டர். 89 மில்லி வோல்ட் பக்கம் வந்தால் ரெசிஸ்டர் சரி, மீட்டரின் பெருக்கத்தை முடிவு செய்வதும் அந்த ரெசிஸ்டர்தான்.

வியாசர்பாடி, அக்கா ஒருவர்: மழையில் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்குது. இதில் அளக்கலாமா தம்பி?

வேண்டவே வேண்டாம் அக்கா. அது மில்லி ஆம்பியர் விவகாரம், உயிர் போகும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் முதலில் அதைப் போடச் சொல்லுங்க.

கிண்டி, கல்லூரி மாணவி: கதிரியக்கத்தை இதில் அளக்க முடியுமா?

முடியும். தகர டப்பா நடுவே ஒரு கம்பி, இரண்டுக்கும் இடையே சில பத்து வோல்ட். கதிர் காற்றை அயனியாக்கும், அந்த மின்னோட்டம்தான் அளவு. 1898இல் மேரி கியூரி செய்ததும் இதைத்தான். கணவரும் அவர் அண்ணனும் உருவாக்கிய குவார்ட்ஸ் படிகத்தில் எடை தொங்கவிட்டு, அதில் பிறந்த மின்னூட்டத்தால் அயனி மின்னோட்டத்தைச் சமன்செய்து, கையில் ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தார். ஆனால் கதிர்மூலத்துக்காகப் புகை டிடெக்டரைப் பிரிக்காதேம்மா, அதில் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும்.

பெரம்பூர்: வீட்டில் அளந்து பார்க்க ஜாலியா ஏதாவது சொல்லுங்க.

பௌர்ணமி நிலா. வெளிச்சத்தை மின்னோட்டமாக்கும் பிபிடபிள்யூ 34 போட்டோடயோடு 1000 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவில் சுமார் 70 மைக்ரோ ஆம்பியர் தரும். முழு நிலா வெளிச்சம் கால் லக்ஸுக்கும் கீழே, அப்படியென்றால் 17 நானோ ஆம்பியர் வரை வரலாம். 1 கிகாவில் ஐசியின் வெளியீடு பேட்டரியின் 6 வோல்ட்டில் போய் முட்டிக்கொள்ளும், 100 மெகாவுக்கு மாறுங்கள். டயோடை ஒரு அடி பிவிசி குழாயில் வைத்து உட்பக்கம் கறுப்புக் காகிதம் சுற்றி, மொட்டை மாடியில் நிலாவைப் பார்த்துப் பிடியுங்கள். குழாய் இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது மாநகராட்சித் தெருவிளக்கை.