எந்தக் காலத்துக் கணக்கு? ஸ்னூக்கர் கேள்வி பதில்

வினாவிடைப் போட்டிக்குத் தயாராகிறவர்களும், தேநீர்க் கடையில் வாதாடி முடிவு காணாதவர்களும், மேசையில் கோலால் பந்துகளைக் குழிக்குள் தள்ளும் ஸ்னூக்கர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டவை. தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, உலகப் பட்டத்தை அதிக தடவை வென்றவர் யார்? 7 தடவை என்று ரொனி ஓ'சலிவனைச் சொன்னேன். புள்ளி தரவில்லை.

பதில்: தம்பி, எந்தக் காலம் என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். முழுக் கணக்கென்றால் ஜோ டேவிஸ்தான். 1927இல் போட்டி தொடங்கியது முதல் 1940 வரை ஒன்று விடாமல் வென்றார், போர் முடிந்து 1946இல் இன்னொன்று. மொத்தம் 15. உலகப் பட்டப் போட்டியில் தோற்காமலே ஒதுங்கிக்கொண்டார். ஆனால் 1931இல் பெயர் கொடுத்ததே இரண்டு பேர்தான்! நேரே இறுதி ஆட்டம். அதனால் பலரும் 1969க்குப் பிறகுள்ளதையே நவீன காலம் என்று எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் ஸ்டீபன் ஹென்ட்ரியும் ரொனியும் ஆளுக்கு 7. ஹென்ட்ரி தன்னுடையதை 1990க்கும் 1999க்கும் இடையில் முடித்துவிட்டார். ரொனி 2001இல் தொடங்கி, 46 வயதில், 2022இல் ஏழாவதை எடுத்தார். யார் பெரியவர் என்று கேட்டால் என் ஓட்டு ரொனிக்கு, சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): ஆசியாவிலிருந்து யாருமே வென்றதில்லையா?

பதில்: 2025இல் சீனாவின் சாவோ ஷின்டொங். தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்ற ஃபிரேம் (தனித்தனி ஆட்டம்) கணக்கில் வென்றார்.

கேள்வி (தெமட்டகொடை): 1985 உலகப் பட்ட இறுதி ஆட்டத்தைப் பற்றி அப்பா இன்னும் பேசுகிறார். அப்படி என்ன நடந்தது?

பதில்: அப்பா பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஸ்டீவ் டேவிஸ் ஃபிரேம் கணக்கில் 8-0 என்று முன்னால் போய்விட்டார். பெரிய கண்ணாடி போட்ட டெனிஸ் டெய்லர் ஒவ்வொன்றாய்ப் பிடித்து 17-17 ஆக்கினார். கடைசி ஃபிரேமில் டேவிஸ் 62 புள்ளி, டெய்லர் 44. மேசையில் மிச்சம் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் பந்துகள்: முறையே 4, 5, 6, 7 புள்ளி. நான்கையும் போட்டால்தான் டெய்லருக்கு வெற்றி. மூன்றைப் பொட் பண்ணி (குழியில் போட்டு) 59க்கு வந்துவிட்டார். பிறகு அந்தக் கறுப்பை இருவரும் மாறி மாறித் தவறவிட்டார்கள். டேவிஸுக்கு அது சுலபமான பந்து, அதையும் விட்டார். டெய்லர் போட்டார். 66-62. அந்த இறுதி ஆட்டம் முழுவதிலும் அவர் முன்னால் வந்தது அந்த ஒரே பந்தில்தான். நள்ளிரவு கடந்தும் பிரித்தானியாவில் 1 கோடியே 85 இலட்சம் பேர் தொலைக்காட்சி முன்னால் இருந்தார்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): ஸ்னூக்கர் ஊட்டியில் பிறந்ததா?

பதில்: பிறந்தது ஜபல்பூரில், 1875இல், ஆங்கிலேய அதிகாரி நெவில் சேம்பர்லெயின் கையில் என்பார்கள். ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அந்தச் சேம்பர்லெயின் பிரித்தானியப் பிரதமரானவர் அல்ல. வினாவிடையில் நன்றாகக் கவிழ்க்கும் இடம் இது.

கேள்வி (மருதானை): நம் லாஃபிர் ஸ்னூக்கர் உலக சம்பியன்தானே? கூட்டாளி இல்லை என்கிறான்.

பதில்: நானா, கூட்டாளி சொல்வது சரி, ஆனால் பாதிதான். எம். ஜே. எம். லாஃபிர் 1973இல் பம்பாயில் வென்றது பில்லியட்ஸ், அமெச்சூர் (தொழில்முறை அல்லாதவர்களுக்கான) உலகப் பட்டம். மூன்றே பந்துகள் கொண்ட வேறு ஆட்டம் அது. எந்த விளையாட்டிலும் இலங்கையின் முதல் உலக சம்பியன் அவர்தான். கூட்டாளி அதற்கும் இல்லை என்றால், 1990இல் அமெச்சூர் ஸ்னூக்கர் உலகப் போட்டி எந்த ஊரில் நடந்தது என்று கேளுங்கள். விடை: கொழும்பு. வென்றவர் அயர்லாந்தின் ஸ்டீபன் ஓ'கொனர்.